ஆணையர் நாற்காலிக்கு வரும் வழிகள்: பெங்களூரு காவல் தலைமையின் பணிப் பின்னணி

பெங்களூரு நகரக் காவல்துறைக்குப் புதிய ஆணையர் வரும்போதெல்லாம் நாளிதழ்கள் அவரது பேட்ச், சொந்த மாநிலம், பெற்ற பதக்கங்கள் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுகின்றன. முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் எந்த வேலையை எவ்வளவு காலம் செய்தார் என்பது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியில்தான் ஆராய வேண்டிய விஷயம் இருக்கிறது. பெங்களூருவின் மூத்த காவல் அதிகாரிகள் சிலரது பணி வரலாற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பெருநகரத்தை ஆளக் கற்றுத்தரும் பதவிகள் கர்நாடகத்தில் ஓரிரண்டுதான் உள்ளன. அவற்றின் வழியாக வந்தவர்களும் உண்டு, அவற்றைத் தொடாமலேயே வந்தவர்களும் உண்டு. எந்த விதியும் அந்த வழியைக் கட்டாயமாக்கவில்லை. அதை விதியாக்க வேண்டும் என்பதும், விதியாக்கினாலும் பதவிக்காலப் பாதுகாப்பு இல்லாமல் அது பயன்படாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பதவியின் தன்மையைப் பார்க்க வேண்டும். பெங்களூருவில் ஆணையரக முறை 1963இல் வந்தது. கர்நாடகக் காவல் சட்டமும் அதே ஆண்டுக்குரியது. மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் தனியாக ஆள்வதில்லை. தடையுத்தரவு பிறப்பிப்பது போன்ற நிர்வாக நடுவர் அதிகாரங்கள் அங்கே மாவட்ட ஆட்சியரிடம் இருக்கின்றன. கூட்டத்தை எப்போது கலைப்பது, எதற்கு அனுமதி தருவது என்பனவற்றை இருவரும் கலந்து முடிவு செய்கிறார்கள். ஆணையரகத்தில் அந்த அதிகாரமும் காவல்துறையின் கைக்கே வந்துவிடுகிறது. எனவே பல்லாரியிலோ ராய்ச்சூரிலோ சிறந்த கண்காணிப்பாளராகப் பெயர் வாங்கிய ஒருவர், இன்ஃபண்ட்ரி சாலையிலுள்ள ஆணையர் அலுவலகத்தில் அமரும்போது தான் அதுவரை ஒருமுறையும் தனியாகப் பயன்படுத்தியிராத அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்தில் 96 லட்சம் பேர் இருந்தார்கள். மாவட்ட அனுபவத்தின் பெரிய வடிவமே நகர அனுபவம் என்று கருதுவது தவறு. இரண்டும் வெவ்வேறு வகை வேலைகள்.

இந்த வேறுபாடு நெடுங்காலம் மறைந்தே இருந்தது. துணிவை அளவுகோலாகக் கொண்ட தலைமைப் படிமம் ஒன்று மக்கள் மனத்தில் இருந்ததே அதற்குக் காரணம். மிசோரமிலிருந்து வந்து கர்நாடகக் கேடரில் பணியாற்றிய எச்.டி. சாங்லியானா பணியில் இருக்கும்போதே, 1988இல், அவர் பெயரில் சங்கர் நாக் நடித்த கன்னடப் படம் வெளிவந்தது. பின்னாளில் அவர் நகர ஆணையரானார். 2004இல் பெங்களூரு வடக்குத் தொகுதியில் ஜாஃபர் ஷெரீஃபைத் தோற்கடித்து மக்களவைக்கும் சென்றார். 2008 முதல் 2011 வரை ஆணையராக இருந்த சங்கர் பிதரி, வீரப்பன் வேட்டையில் கர்நாடக அதிரடிப் படைக்குத் தலைமை தாங்கியவர். காட்டில் நடத்திய நடவடிக்கை நகரத்தை ஆளும் தகுதிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் அதே பின்னணி 2012இல் அவருக்கு எதிராகவும் நின்றது. மாநிலக் காவல் தலைவராக அவரை நியமித்ததை எதிர்த்து மற்றோர் ஐபிஎஸ் அதிகாரியான ஏ.ஆர். இன்ஃபண்ட் வழக்குத் தொடுத்தார். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் நியமனத்தை ரத்து செய்தது. மார்ச் இறுதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதிரடிப் படைக் காலத்தில் பழங்குடி மக்கள்மீது நடந்ததாகக் கூறப்பட்ட கொடுமைகள் பற்றிய விவரங்கள் தேர்வின்போது கணக்கில் கொள்ளப்பட்டனவா என்பதே மையக் கேள்வியாக இருந்தது. தனிமனிதரின் குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. இந்த ஆய்வுக்கு முக்கியமானது நீதிமன்றம் ஏற்ற கொள்கைதான். உயர்பதவிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எங்கே, என்ன செய்தார் என்பதை முழுமையாக மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். பணிமூப்பு மட்டும் போதாது.

இனி அந்த ஒழுங்கைப் பார்ப்போம். ஒருகாலத்தில் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றப்படுவதை அதிகாரிகள் இறக்கமாகவே எண்ணினார்கள். சட்டம் ஒழுங்கும் குற்றப் பிரிவும்தான் மதிப்புக்குரியவை. ஆனால் இந்த நூற்றாண்டில் பெங்களூருவின் போக்குவரத்துத் தலைமைப் பதவியில் இருந்தவர்களைப் பாருங்கள். எம்.என். ரெட்டி 2014இல் நகர ஆணையரானார். 2008 முதல் 2011 வரை போக்குவரத்துத் தலைவராக இருந்த பிரவீண் சூத் 2017இல் நகர ஆணையர், 2020இல் மாநிலக் காவல் தலைவர், 2023இல் சிபிஐ இயக்குநர். பி. தயானந்தா 2023இல் நகர ஆணையர். எம்.ஏ. சலீம் 2025இல் மாநிலக் காவல் தலைவர். இவர்களில் சூத், சலீம், தயானந்தா மூவரும் மைசூரு நகர ஆணையர்களாகவும் இருந்திருக்கிறார்கள். ஆக, இரண்டு பள்ளிகள் தெரிகின்றன: மைசூரு ஆணையரகம், பெங்களூரு போக்குவரத்து. முன்னது ஆணையருக்குரிய தனி அதிகாரத்தைச் சிறிய நகரில், தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளக்கூடிய அளவில் பயன்படுத்திப் பழக்குகிறது. பின்னது பெருநகரத்தை முழுதாகக் காட்டுகிறது. சட்டம் ஒழுங்கு துணை ஆணையர் தன் மண்டலத்தைத்தான் அறிவார். போக்குவரத்துத் தலைவருக்கோ மண்டல எல்லைகள் பொருட்டல்ல. மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், மெட்ரோ நிறுவனம், பேருந்துக் கழகம் எல்லாவற்றுடனும் அவர் நாள்தோறும் வாதாட வேண்டும். இவற்றுள் எதுவும் அவருக்குக் கட்டுப்பட்டதல்ல. தனக்குக் கீழில்லாதவர்களை இணங்கவைத்து வேலை வாங்கும் இந்தக் கலை, சீருடைக் கட்டளை முறையில் வேறெங்கும் கற்பிக்கப்படுவதில்லை. தன் வேலையின் விளைவை நகரம் முழுவதும் அன்றன்றே அளந்து குறைகூறும் பதவியும் காவல்துறையில் இது ஒன்றுதான்.

சலீமின் வாழ்க்கை இதை இன்னும் தெளிவாக்குகிறது. பெங்களூருவின் சிக்கபாணாவரத்தைச் சேர்ந்த அவர் துணை ஆணையர், கூடுதல் ஆணையர், 2022 நவம்பரில் சிறப்பு ஆணையர் என மூன்று நிலைகளில் ஒரே பிரிவுக்குத் திரும்பித் திரும்பி வந்தார். போக்குவரத்து மேலாண்மையில் முனைவர் பட்டமும் பெற்றார். நகர மையத்தின் ஒருவழிச் சாலை அமைப்பு பெரிதும் அவர் துணை ஆணையராக இருந்த காலத்தில் உருவானது. ஆட்சிகளும் ஆணையர்களும் மாறிய பின்பும் அந்த அமைப்பு நிற்கிறது. நிலைத்த சீர்திருத்தம் ஒன்றைச் செய்ய ஒரே துறையில் நீண்ட பழக்கம் வேண்டும் என்பதற்கு, கண்முன் இருக்கும் சான்று இது.

மூன்று நான்கு பேரை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்று கேட்கலாம். திறமையாளர்கள் எங்கே போட்டாலும் மேலே வந்திருப்பார்கள், அவர்கள் கடந்துவந்த பதவிக்கு ஏன் பெருமை சேர்க்க வேண்டும் என்றும் கேட்கலாம். இரண்டாவது ஐயம் கனமானது. பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொலை வழக்கின் சிறப்புப் புலனாய்வுக் குழுவில் முதன்மைப் புலனாய்வு அதிகாரியாக இருந்த எம்.என். அனுசேத், பின்னர் போக்குவரத்து இணை ஆணையராகி அங்கும் நற்பெயர் எடுத்தார். புலனாய்வில் தேர்ந்தவர் போக்குவரத்திலும் தேறினார் என்றால் தனிப் பயிற்சியின் தேவை எங்கே? ஐபிஎஸ் என்ற அமைப்பே இந்த நம்பிக்கையின்மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது: யாரையும் எங்கும் போடலாம். ஆனால் அனுசேத்தின் வரலாறு நேர்மாறாகவும் பேசுகிறது. அவரும் முதலில் ஒரே வழக்கில் நீண்ட காலம் ஊன்றி உழைத்தவர். ஒரு வேலையை ஆழமாகச் செய்து பழகியவர் அடுத்ததையும் ஆழமாகச் செய்வார் என்பதைத்தான் அது காட்டுகிறது. ஆறு மாதத்துக்கொருமுறை மாறுபவரும் எங்கும் சமாளிப்பார் என்பதை அல்ல. சில பேரை வைத்துச் சொல்வது புள்ளியியல் ஆகாது என்பது உண்மை. ஆணையர் பதவி ஒன்றே ஒன்று. அங்கே பெரிய எண்ணிக்கை என்றும் கிடைக்காது. வழி எப்படி வேலை செய்கிறது என்று விளக்க முடிகிறதா என்பதே இங்கே கேட்கத்தக்கது.

உளவுப் பிரிவு இன்னொரு வழி. 2020 ஆகஸ்டில் ஆணையரான கமல் பந்த்தும், 2023இல் வந்த தயானந்தாவும் அதற்கு முன் மாநில உளவுப் பிரிவின் தலைமையில் இருந்தவர்கள். உளவுத் தலைவர் முதலமைச்சரை அடிக்கடி நேரில் காண்பவர். அரசு அவரை அறியும், அவரும் அரசின் கவலைகளை அறிவார். அந்த அறிமுகம் தேர்வில் பங்கு வகிப்பது இயல்பு. அதைத் தானாகவே குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை, ஏனெனில் கலவரம் வரும் திசையை முன்கூட்டி அறிவது ஆணையருக்குத் தேவையான திறன்தான். ஆனால் கமல் பந்த் பொறுப்பேற்றுப் பத்து நாள் கழித்து, 2020 ஆகஸ்ட் 11 இரவில், டி.ஜே. ஹள்ளியிலும் கே.ஜி. ஹள்ளியிலும் வன்முறை வெடித்தது. காவல் நிலையமே தாக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தார்கள். இதை அவர் பின்னணியின் தோல்வி என்று சொல்வது அநியாயம். புதிய நாற்காலியில் பத்து நாள் என்பது எந்தப் பின்னணிக்கும் போதாது. மாநிலத் தலைமையிலும் இவ்வழி உண்டு: 2017இல் கர்நாடகக் காவல்துறையின் முதல் பெண் தலைவரான நீலமணி ராஜு நெடுங்காலம் மத்திய உளவுத்துறையில் அயற்பணியில் இருந்தவர். ஆனால் 1963 முதல் 2025 வரை பெங்களூரு நகர ஆணையராக ஒரு பெண்ணும் அமர்த்தப்படவில்லை. இதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நாற்காலிக்கு அழைத்துச் செல்லும் படிகளில் பெண்கள் எத்தனை பேர் அமர்த்தப்பட்டார்கள் என்று தேடினாலே விடை கிடைத்துவிடும்.

என் வாதத்துக்கு மிகக் கடினமான எதிர்ச்சான்று 2025 ஜூன் 4. ஆர்சிபி கிரிக்கெட் அணியின் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது சின்னசாமி அரங்க வாயில்களில் நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். அப்போதைய ஆணையர் தயானந்தா. மைசூரு ஆணையரகம், பெங்களூரு போக்குவரத்து, உளவு ஆகிய எல்லாப் பள்ளிகளிலும் பயின்றவர். பின்னணி காக்கும் என்றால் இது ஏன் நடந்தது? கோப்பை வெல்லப்பட்டது ஜூன் 3 இரவு, மறுநாளே கொண்டாட்டம். கூட்டத்தைக் கையாளத் திட்டமிடப் போதிய நேரமே இல்லை. ஜூன் 5 அன்று ஆணையரும் கூடுதல் ஆணையர் விகாஸ் குமார் விகாஸ் உள்ளிட்ட அதிகாரிகளும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஜூலை 1 அன்று மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் விகாஸின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்து, போதிய அவகாசம் தரப்படாத காவலர்களிடம் அற்புதங்களை எதிர்பார்க்க முடியாது என்ற பொருள்பட எழுதியது. காவல்துறைக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பதினொரு பேர் இறந்த இடத்தில் அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. சட்டம் ஆணையருக்குத் தனி அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் இது இந்த நாளில் நடக்கக் கூடாது என்று சொல்லி அதில் நிற்கும் உறுதி அனுபவத்தால் மட்டும் வருவதில்லை. சொன்ன பிறகும் பதவியில் இருப்போம் என்ற நம்பிக்கையும் வேண்டும்.

அந்த நம்பிக்கைக்கு இடம் இருக்கிறதா? 2014 ஜூலைக்கும் 2025 ஜூனுக்கும் இடையில் பத்து ஆணையர்கள் பொறுப்பேற்றார்கள். சூத் இருந்தது ஏறத்தாழ ஏழு மாதம். 2019இல் ஆட்சி மாறியபோது அலோக் குமார் ஒன்றரை மாதத்தில் மாற்றப்பட்டார். 2014இல் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எதிர்த்து நகரம் தெருவில் இறங்கியபோது அப்போதைய ஆணையர் ஔராத்கர் மாற்றப்பட்டார். சென்னையிலும் இதே நடைமுறைதான்: 2024 ஜூலையில் அரசியல் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை நடந்த சில நாள்களில் ஆணையர் சந்தீப் ராய் ரத்தோர் மாற்றப்பட்டார். தலைமையை மாற்றுவது அரசுக்கு மிக மலிவான பதில். ஒருவர் இருபது ஆண்டுகளில் சேர்த்த பயிற்சி, சராசரியாக ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட பதவிக்காலத்தில் எவ்வளவு பயன்தரும்?

2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலக் காவல் தலைவரை மத்தியப் பணியாளர் தேர்வாணையம் தயாரிக்கும் மூவர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. பணிக்காலம், நற்சான்றுகள், அனுபவத்தின் வீச்சு ஆகியவை அளவுகோல்கள். குறைந்தது இரண்டாண்டு பதவிக்காலம். மாநிலத் தலைவர் பதவிக்கு இருக்கும் இந்த வடிகட்டி பெங்களூரு ஆணையர் பதவிக்கு இல்லை. அதற்கு எந்த அனுபவம் வேண்டும் என்று எழுதப்பட்ட நிபந்தனையும் இல்லை. ஆணையரக நகரம் ஒன்றில் தலைமைப் பொறுப்பு, பெங்களூருவிலேயே துணை ஆணையர் நிலையிலோ அதற்கு மேலோ முழுமையான ஒரு பதவிக்காலம் ஆகிய இரண்டையும் முன்தகுதியாக்கி, நியமன ஆணையில் காரணங்களை வெளியிட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் உரிமையை இது பறிக்கிறது என்ற மறுப்பு வரும். பறிக்கவில்லை. தகுதியுள்ளவர்களுள் எவரை வேண்டுமானாலும் அரசு தேர்ந்தெடுக்கலாம்; ஏன் இவர் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவே. வெளிமாநிலத்தவருக்குப் பதில் மண்ணின் மைந்தர் வேண்டும் என்ற கோரிக்கையைவிட இது பயனுள்ளது. இமாச்சலத்தில் பிறந்த சூத்தும் சிக்கபாணாவரத்தில் பிறந்த சலீமும் நகரத்தை அறிந்தது இங்கே வேலை பார்த்த ஆண்டுகளால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு குறை தீராது. லண்டன் ஆணையர் மார்க் ரவ்லி 1987இல் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் படையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர். நம் நாட்டில் ஐபிஎஸ் அதிகாரி காவல் நிலையப் பொறுப்பில் இருப்பது பயிற்சிக் காலத்தின் சில மாதங்கள்தான். மாநிலப் பணியிலிருந்து மூன்றில் ஒரு பங்கினர் பதவி உயர்வால் ஐபிஎஸ்ஸுக்கு வருகிறார்கள் என்றாலும் அவர்களிலும் பலர் டிஎஸ்பி நிலையில் தொடங்கியவர்களே, உயர்நிலையை எட்டுவதற்குள் ஓய்வு வயதும் வந்துவிடுகிறது. நிலையத்தின் அன்றாட நெருக்கடியை நேரில் அறிந்த குரல் தலைமைக் குழுவுக்குள் வர வேண்டுமானால், ஆணையரைத் தேர்ந்தெடுக்கும் விதியை மட்டும் திருத்திப் பயனில்லை. வைட்ஃபீல்டிலும் கிழக்கு மண்டலத்திலும் இன்று துணை ஆணையர்களாக இருப்பவர்களிலிருந்துதான் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து இந்த நகரத்தின் தலைமை வரப்போகிறது. அவர்களை ஒரே மண்டலத்தில், அதன் நிலையங்களையும் தெருக்களையும் பெயர் சொல்லி அறியும் அளவுக்கு, குறைந்தது இரண்டாண்டுகள் விட்டுவைப்பதற்கு அரசின் ஓர் ஆணையே போதும்.