ஜார்ஜ் டவுன் ஆவணங்கள்: தெருவை அலகாகக் கொண்டு ஒரு வாசிப்பு

சென்னை ஜார்ஜ் டவுனுக்கு ஆவணப் பஞ்சம் கிடையாது. எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கும்பினியாரின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின், ஆலோசனைக் குழுப் பதிவேடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றின் படிகள் அந்தக் காலத்திலேயே இலண்டனுக்கும் போய்ச் சேர்ந்தன. மேயர் நீதிமன்ற வழக்குரைகள் அச்சேறியிருக்கின்றன. பதிவுத்துறையில் கிரயப் பத்திரங்கள், கோயில்களில் கட்டளைக் கணக்குகள், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள் எனப் பட்டியல் நீளும். இவ்வளவு இருந்தும், லிங்கிச் செட்டித் தெருவில் இன்ன ஆண்டில் யார் யார் குடியிருந்தார்கள் என்ற எளிய கேள்வியோடு போகிறவருக்கு எந்தக் காப்பகத்திலும் நேரான வழி இல்லை. ஆவணங்கள் அவற்றை உண்டாக்கிய அலுவலகத்தின்படி அடுக்கப்பட்டிருக்கின்றனவே தவிர, அவை பேசும் இடத்தின்படி அடுக்கப்படவில்லை.

இதை நூலகர்களின் வசதி பற்றிய விஷயமாக மட்டும் நான் பார்க்கவில்லை. ஜார்ஜ் டவுன் பற்றி இதுவரை எழுதப்பட்ட வரலாற்றின் வடிவத்தையே இந்த அடுக்கு முறை தீர்மானித்திருக்கிறது என்பதுதான் என் வாதம். கும்பினிப் பதிவேடுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டதால், அந்த வரலாறு பெரும்பாலும் சச்சரவுகளின் வரலாறாக அமைந்துவிட்டது.

எல்லோரும் எடுத்தாளும் சான்று 1707–08ஆம் ஆண்டு வலங்கை, இடங்கை என்ற இரு சாதி அணிகளின் பூசல். தாமஸ் பிட் ஆளுநராக இருந்த காலம். எந்தச் சாதியாரின் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில் தொடங்கிய தகராறு முற்றி, வலங்கையார் பட்டணத்தைக் காலி செய்துகொண்டு சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். வணிகம் நின்றுபோகுமோ என்ற கலக்கத்தில் ஆலோசனைக் குழு கூடிக் கூடிப் பேசியது. பேசியதையெல்லாம் எழுத்தர்கள் எழுதி வைத்தார்கள். பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்ற பிரிவினை அந்தப் பக்கங்களிலிருந்தே நமக்குத் தெரியவருகிறது. 1652இலேயே இதே வகைப் பூசல் பதிவாகியிருக்கிறது. அர்ஜுன் அப்பாதுரை 1974இல் எழுதிய கட்டுரையிலிருந்து கனகலதா முகுந்தின் நூல் வரை இந்தப் பக்கங்கள் நுட்பமாக வாசிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வாசிப்புகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தெரு என்பது கும்பினிப் பதிவேட்டுக்குள் நுழைவதே ஊர்வலம் தடைப்படும்போதுதான். கல்யாணம் அமைதியாக நடந்த ஆண்டுக்குப் பக்கமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே கிணற்றில் நீர் இறைத்ததற்கும், வலங்கைக் கடைக்காரர் இடங்கைத் தரகரிடம் கடன் வாங்கியதற்கும் ஆலோசனைக் குழு கூட வேண்டிய அவசியம் இல்லையே.

ஹென்றி டேவிசன் லவ் 1913இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழைய மதராஸ் பற்றிய நூல் இந்தச் சாய்வை உறுதிப்படுத்திவிட்டது. 1640 முதல் 1800 வரையிலான பதிவேடுகளைத் துழாவி, பகுதி பகுதியாக எடுத்துக் கொடுத்த அசுர உழைப்பு அது. அதற்கு நன்றி சொல்லாமல் சென்னை வரலாற்றில் யாரும் ஒரு வரி எழுத முடியாது. ஆனால் லவ் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நின்று வெளியே பார்த்தவர். இந்தியர்களின் குடியிருப்பான கறுப்பர் பட்டணம் அவருக்குக் கோட்டையின் வடக்குப் புறம். அவர் எடுத்துக்கொடுத்த பகுதிகளையே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டும் பழக்கத்தால், அவர் எடுக்காமல் விட்டவை இல்லாதவை போலவே ஆகிவிட்டன.

பதிவேடுகளை வாசிப்பதில் இன்னொரு பெரிய இடறலும் உண்டு. 1750களுக்கு முந்தைய ஆவணம் கறுப்பர் பட்டணம் என்று சொன்னால், அது இன்றைய ஜார்ஜ் டவுன் அல்ல. பழைய பட்டணம் கோட்டைச் சுவரை ஒட்டி, இன்று உயர்நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் நிலத்தில் இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் பட்டணத்தைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள், எதிரி ஒளிந்துகொள்ள வீடுகள் இடம் கொடுக்கக்கூடாது என்று எஞ்சியதையும் படிப்படியாகத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை 1758 டிசம்பரில் தொடங்கி 1759 பிப்ரவரியில் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த நிலத்தில் யாரும் வீடு கட்டக்கூடாது என்றாகி, 1773இல் எல்லைத் தூண்கள் நடப்பட்டன. ஆறில் ஒன்று மட்டும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக இன்றும் நிற்கிறது. கான்ராடி 1755இல் வரைந்த வரைபடம்தான், அழியப்போகும் பட்டணத்தின் தெருக்களை நமக்குக் காட்டும் கடைசிச் சாட்சிகளுள் ஒன்று.

முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் அப்போதே வடக்கே தனிப் பேட்டைகளாக இருந்தவை. இன்றும் இருப்பவை. எனவே 1707ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றில் பேசப்படும் தெருக்களில் சில இன்று காலால் நடக்கக் கூடியவை, சில நீதிமன்ற வளாகத்துக்கு அடியில் கிடப்பவை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டிவிட்டு, இந்தப் பகுதியின் சாதி அமைப்பு முந்நூறு ஆண்டுகளாக மாறவில்லை என்று எழுதுவது பெரும் பிழை. வீடிழந்தவர்கள் எங்கே போனார்கள், பழைய அண்டை வீட்டார் புதிய இடத்திலும் அண்டை வீட்டார் ஆனார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கும்பினிப் பதிவேடு அதற்கு விடை சொல்லாது.

சிதறிய ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் நல்ல எடுத்துக்காட்டு. அரசு ஆவணங்களில் அவர் ஆளுநர் பிகட்டின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். கறுப்பர் பட்டணத்தோடு இடிக்கப்பட்ட பெருமாள் கோயிலுக்கு மாற்றாக இன்றைய பூக்கடைப் பகுதியில் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்கள் எழுந்த கதையில் அவர் முன்னின்று கட்டுவித்தவர். இசை வரலாற்றிலோ அவர் சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையைக் கேட்டுப் பரிசளித்த புரவலர். மூன்று துறையினர் அவரைத் தனித்தனியே அறிவார்கள். கணக்கைப் பார்ப்பவருக்குக் கீர்த்தனை தெரியாது, கீர்த்தனையைப் பாடுபவருக்குத் துபாஷ் தெரியாது. கோட்டையின் பீரங்கிக்கு வழிவிட்டு இடம்பெயர்ந்த ஒரு சமூகம், அதே பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோயில் எழுப்பி, புலவரை அழைத்துக் கதை கேட்டு, புதிய தெருக்களில் தன்னை மறுபடி ஊன்றிக்கொண்டது என்ற உண்மை, மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பவருக்கே புலப்படும்.

கும்பினிப் பதிவேடுகளுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பவை கிரயப் பத்திரங்கள். ஆய்வாளர்கள் இவற்றை வழக்கறிஞர்களின் சரக்கு என்று ஒதுக்கிவிட்டது பெரும் இழப்பு. ஒரு பழைய பத்திரத்தை விரித்தால் விலையும் வாக்குறுதிகளும் முடிந்தபின் சொத்து விவரம் வரும். அதில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை: வடக்கே இன்னார் வீட்டுக்குத் தெற்கு, தெற்கே இன்னார் மனைக்கு வடக்கு, கிழக்கே தெருவுக்கு மேற்கு, மேற்கே இன்னார் தோட்டச் சுவருக்குக் கிழக்கு, இதற்குள்பட்ட மனையும் கட்டடமும் கிணறும் நடைபாத்தியமும். ஒரு பத்திரத்தில் மூன்று அண்டை வீட்டார் பெயர்கள் கிடைத்துவிடுகின்றன. அந்த மூவரின் பத்திரங்களைத் தேடினால் அவர்களுடைய அண்டை வீட்டார். தாய்ப்பத்திரம் வழியாகப் பின்னோக்கிப் போனால் தலைமுறைகள். இப்படிக் கோத்துக்கொண்டே போனால் ஒரு தெரு முழுவதும், வீடு வீடாக, எழுந்து நிற்கும். கும்பினிப் பதிவேட்டில் அரிதாகவே தலைகாட்டும் பெண்கள் இங்கே இன்னாரின் பாரியாள் என்றும் விதவை என்றும், விற்பவராக, வாரிசாக, கைநாட்டு வைத்தவராக இருக்கிறார்கள். 1860களின் நடுவில் பதிவுச் சட்டம் வந்தபின் இந்தப் பத்திரங்களின் நகல்கள் அரசிடமே தங்கின. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகம் போன்றவற்றுக்குத்தான் கட்டுப்பாடு. கதவு திறந்தே இருக்கிறது. வில்லங்கச் சான்று வாங்க வருகிறவர்களைத் தவிர அதற்குள் யாரும் போவதில்லை.

பத்திரங்களின் குறையையும் சொல்ல வேண்டும். இடம் இருக்கும், நிகழ்ச்சி இருக்காது. சொத்துள்ளவர் பேசுவார். கொத்தவால் சாவடிச் சந்தையில் மூட்டை தூக்கியவர், கரைக்கும் கப்பலுக்கும் இடையே மசுலாப் படகு ஓட்டியவர், ஒண்டுக்குடித்தனக்காரர் யாரும் செக்குபந்தியில் வரமாட்டார்கள்.

அவர்களுடைய காதுக்கும் வாய்க்கும் நெருக்கமானவை குஜிலி நூல்கள். ஜார்ஜ் டவுனின் அந்திக்கடைத் தெருவில் காலணா அரையணாவுக்கு விற்ற இந்தப் பாட்டுப் புத்தகங்கள், கொலை, வெள்ளம், ரயில், கள்ளுக்கடை என்று அன்றாடத்தைப் பாடின. ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றை ஆராய்ந்து முச்சந்தி இலக்கியம் என்ற நூலை எழுதிய பிறகுதான் இவை ஆவணம் என்ற தகுதியைப் பெற்றன. 1867ஆம் ஆண்டு அச்சக, நூல் பதிவுச் சட்டம் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் குறிக்கச் சொன்னது. கண்காணிப்புக்காக வந்த சட்டம் அது. அதன் விளைவாக, மிக மட்டமான தாளில் அடித்த பாட்டுப் புத்தகம்கூடத் தான் பிறந்த இடத்தைத் தலைப்புப் பக்கத்தில் சுமந்துகொண்டு வருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் கைப்பணத்தில் இத்தகைய புத்தகங்களைச் சேர்க்காமல் விட்டிருந்தால், 1994இல் உருவான நூலகத்தில் இன்று நாம் தேட எதுவும் இருந்திருக்காது.

ஆர்மீனியன் தெருவை எடுத்துக்கொள்வோம். பேச்சுவழக்கில் அரண்மனைக்காரன் தெரு. அட்டவணை தயாரிக்கிறவர் இரண்டு பெயர்களையும் இணைத்தாக வேண்டும். ஒரே தெருவில் 1772ஆம் ஆண்டு ஆர்மீனியத் தேவாலயம், கப்புச்சின் துறவிகளால் தொடங்கிய கத்தோலிக்க ஆலயம், கச்சாலீசுவரர் கோயில், அன்னி பெசன்ட் எழுப்பிய கோகலே மண்டபம். ஆர்மீனியத் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் பாதிரியார் ஷ்மாவோனியான், 1794இல் உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தராரை இந்தச் சென்னையில்தான் அச்சிட்டார். ஆர்மீனியத் தலைநகர் எரவானில் அந்த இதழைப் போற்றுகிறார்கள். இங்கே அந்தத் தெருவில் சரக்கு இறக்குகிறவருக்குச் சொல்வார் இல்லை. ஆர்மீனிய மொழி அச்சு, திருச்சபைக் கணக்கு, கோயில் கட்டளை, பெசன்ட்டின் தன்னாட்சி இயக்கத்தைக் கண்காணித்த அரசின் குறிப்புகள் ஆகிய நான்கையும் ஒரே ஆய்வாளர் வாசிப்பது கடினம். ஒரு தெரு அட்டவணை இருந்தால் நான்கு ஆய்வாளர்கள் சந்தித்துக்கொள்ள முடியும்.

காப்பகவியலார் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். ஆவணத்தை அதன் பிறப்பிடத்திலிருந்து பிரிக்கக்கூடாது, பிரித்தால் அதன் சூழல் அழியும் என்பது அவர்களுடைய அடிப்படை விதி. நல்ல விதிதான். நான் கேட்பது இடமாற்றம் அல்ல, மேலே போர்த்தப்படும் ஓர் அட்டவணை. அதைவிடக் கடுமையான மறுப்பு வேறொன்று உண்டு. தெரு என்ற அலகே ஆட்சியின் ஆக்கம் அல்லவா? ஜார்ஜ் டவுனின் பிராட்வே சாலைக்குக் காரணமான ஸ்டீபன் பாப்ஹாம் 1782இல் முன்வைத்த காவல் திட்டத்தில்தான் தெருக்களுக்குப் பெயர் வைப்பது, விளக்கேற்றுவது, பிறப்பு இறப்பைப் பதிவது எல்லாம் சேர்ந்து வருகின்றன. அப்படியானால் தெருவை அலகாக எடுப்பது காவல்காரரின் கண்ணை இரவல் வாங்குவது ஆகாதா? ஆகாது என்றே நினைக்கிறேன். பாப்ஹாமுக்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்த மக்கள் ஒரு தெருவுக்காகப் பட்டணத்தையே காலி செய்திருக்கிறார்கள். தெரு அவர்களுடைய மானத்தின் அளவாக முன்பே இருந்தது. அரசு அதற்குப் பலகை மாட்டியது, அவ்வளவே.

காலம் குறைவாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1996இல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது, தலைமுறை தலைமுறையாக எழுதிய மண்டிக் கணக்குகளைத் திரட்ட ஏற்பாடு எதுவும் இல்லை. சௌகார்பேட்டை வட்டிக்கடைகளின் பேரேடுகள் இன்னும் குடும்பங்களின் கையில்தான் இருக்கின்றன. முற்றம் வைத்த பழைய வீடு இடிந்து கிட்டங்கி எழும்போது, பரணில் இருந்த டிரங்குப் பெட்டி பழைய பேப்பர்க் கடைக்குப் போகிறது.

தொடங்குவதற்கு முழு ஜார்ஜ் டவுனும் வேண்டாம். முத்தியால்பேட்டையில் ஒரு தெரு, பெத்துநாயக்கன்பேட்டையில் ஒரு தெரு போதும். பதிவு தொடங்கிய ஆண்டுகளிலிருந்து 1900 வரையிலான பத்திரங்களின் செக்குபந்திகளை மட்டும் எடுத்து, அண்டை வீட்டார் பெயர்களைக் கோத்துப் பார்க்க வேண்டும். 1708இல் வகுத்த வலங்கை, இடங்கைக் கோடு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வீட்டுச் சுவர்களில் தெரிகிறதா, அல்லது செட்டிமாரும் கோமுட்டிகளும் முதலிகளும் ஒரே வரிசையில் சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தார்களா என்பது அப்போது தெரியும். பின்னதுதான் உண்மை என்றால், கும்பினிப் பதிவேடுகள் நமக்குக் காட்டியது ஊர்வல நாள்களின் ஜார்ஜ் டவுனை மட்டுமே. ஆண்டின் மற்ற நாள்களின் வரலாற்றை இனிமேல்தான் எழுத வேண்டியிருக்கும்.