எச்.ஐ.வி டெஸ்ட் இலவசம்தான்... அப்புறம் ஏன் தயக்கம்? 'நம்பிக்கை மையம்' உள்ளே என்ன நடக்கும்?

வளையமாதேவி என்ற பெயரை டிவி செய்தி பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஜூலையில், என்.எல்.சி-யின் பரவனாறு மாற்றுப்பாதை வாய்க்காலுக்காக, பச்சையாக நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கிய ஊர். கடலூர் மாவட்டம், சேத்தியாத்தோப்பு பக்கம்.

இந்தக் கட்டுரை நிலத்தைப் பற்றியது இல்லை. அந்த ஊரிலும், நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பம், வடக்குத்து பகுதிகளிலும் தினக்கூலியை நம்பி வாழும் ஒருவருக்கு "எனக்கு எச்.ஐ.வி இருக்குமோ" என்று ஒரு சந்தேகம் வந்தால் எங்கே போவார், யாரிடம் கேட்பார், விஷயம் வெளியே தெரியாமல் இருக்குமா என்பதைப் பற்றியது. இந்த வட்டாரத்தில் எச்.ஐ.வி அதிகம் என்று சொல்ல வரவில்லை. எந்த ஊருக்கும் இதே கதைதான். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் 2023 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். அவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குத்தான் தங்களுக்கு அது இருப்பதே தெரியும். மிச்சம் இருப்பவர்கள் டெஸ்ட் எடுக்காதவர்கள், அல்லது எடுத்தும் ரிசல்ட் கைக்கு வராதவர்கள்.

காசு ஒரு தடையே இல்லை

அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று ஒரு போர்டு பார்த்திருப்பீர்கள். அதன் அலுவல் பெயர் ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையம், சுருக்கமாக ஐ.சி.டி.சி. இங்கே எச்.ஐ.வி பரிசோதனைக்கு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. பாசிட்டிவ் என்றால் அதற்கான கூட்டு மருந்து, அதாவது ஏ.ஆர்.டி, அதுவும் இலவசம். 2004 ஏப்ரலில் நாடு முழுவதும் எட்டு மையங்களில் இந்த இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது, அதில் ஒன்று தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அப்போ எதற்குத் தயக்கம்? முதலில், ஒரு நாள் கூலி போகும். மையம் இயங்குவது புறநோயாளிகள் பிரிவு நேரத்தில். காலை ஷிஃப்டுக்குப் போகும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அதுதான் வேலை நேரம். சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. ஆனால் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களே, அதற்கு யார் பதில் சொல்வது?

அதைவிடப் பெரிய தடை, "அந்த ரூம் வாசல்ல நிக்கும்போது நம்ம ஊர்க்காரங்க யாராவது பார்த்துட்டா?" என்ற பயம். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சின்ன ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் கல்யாணம் நிற்கும், வாடகை வீடு போகும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரரும் எந்த நம்பிக்கை மையத்துக்கும் போகலாம். சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறினால் ஒரு பக்கம் சிதம்பரம், இன்னொரு பக்கம் விருத்தாசலம். முகம் தெரியாத ஊர்தான் வசதி என்றால் தாராளமாக அங்கே போகலாம். என்.எல்.சி ஊழியரா, கான்ட்ராக்டா, ரெண்டும் இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

நேராக ஊசி குத்த மாட்டார்கள். முதலில் ஒரு ஆலோசகர், கவுன்சிலர் என்பார்கள், தனியாக உட்கார வைத்துப் பேசுவார். எதனால் சந்தேகம், எப்போது நடந்தது, ரிசல்ட் எப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்பார். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் எதையும் மறைக்காமல் சொல்வது நல்லது, ஏனென்றால் தேதிதான் இங்கே முக்கியம். நோய்த்தொற்று ஏற்பட்ட உடனே டெஸ்ட்டில் தெரியாது. அதிகபட்சம் மூன்று மாதம் வரை நெகட்டிவ் என்றே காட்டலாம். இதை 'விண்டோ பீரியட்' என்கிறார்கள். போன வாரம் நடந்த ஒரு சம்பவத்துக்கு இந்த வாரம் டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்று நிம்மதியாகப் போய்விட்டால் அது பொய் நிம்மதி. எப்போது திரும்ப வர வேண்டும் என்பதைக் கவுன்சிலர்தான் சொல்வார்.

சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் வேறு வாய்ப்பும் இருக்கிறது. தொற்றைத் தடுக்க 28 நாள் மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

நீங்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். ரத்தக் குழாயில் பெயர் இருக்காது, ஒரு எண்தான் இருக்கும். முதல் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் அதோடு முடிந்தது. ரியாக்டிவ் என்று வந்தால் உடனே 'பாசிட்டிவ்' என்று சொல்லிவிட மாட்டார்கள். வேறு வேறு கிட்களில் இன்னும் இரண்டு டெஸ்ட் செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி செய்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திச் செய்வது முதல்கட்ட சோதனை மட்டும். அதை வைத்துப் பயந்துவிடக் கூடாது.

ரிசல்ட்டை மறுபடியும் அதே கவுன்சிலர், தனியாக, நேரில் சொல்வார். இந்தக் கடைசிக் கட்டம் ஏதோ சம்பிரதாயம் மாதிரித் தெரியும். அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை பார்த்திருக்கிறது.

சாத்தூரில் நடந்தது

2018 டிசம்பர். விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி மாநிலத்தையே அதிரவைத்தது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து. கொடுத்தவர் ஒரு இளைஞர். அவர் 2016-லேயே ஒரு முறை ரத்ததானம் செய்திருந்தார். அப்போதே தொற்று இருப்பது டெஸ்ட்டில் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தத் தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை. இரண்டு வருஷம் கழித்து, நல்ல எண்ணத்தோடு மறுபடி ரத்தம் கொடுத்தார். பிறகு வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுத்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் அவரே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. விஷம் குடித்த அந்த இளைஞர், அந்த மாதக் கடைசியில் இறந்துபோனார்.

டெஸ்ட் நடந்தது, மெஷின் சரியாகத்தான் சொன்னது. எதிரே உட்கார்ந்து, "இப்படி இருக்கு தம்பி, மருந்து இருக்கு, பயப்படாதே" என்று சொல்ல வேண்டிய ஆள்தான் இல்லை. ரத்ததான முகாமை 'ஃப்ரீ எச்.ஐ.வி டெஸ்ட்' மாதிரிப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

சம்மதம் என்ற சொல் வந்த கதை

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், மாணவி டாக்டர் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்து, வேலூர் சி.எம்.சி-யில் சோதித்தபோது தெரியவந்தது. மருத்துவ வரலாற்றில் பெரிய விஷயம். ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்கு அன்று விளக்கப்படவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு நடைமுறையே இல்லை.

இன்று அது சட்டம். 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி டெஸ்ட் செய்யக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, தானமாக வரும் ரத்தத்தைச் சோதிப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. வேலை தருவதற்கு முன் எச்.ஐ.வி டெஸ்ட் எடுத்து வரச் சொல்ல நிறுவனத்துக்கு உரிமை இல்லை. தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு அனுப்புவது, பள்ளியில் சேர்க்க மறுப்பது, வீடு தர மறுப்பது, சிகிச்சைக்குத் தொட மறுப்பது எல்லாமே இந்தச் சட்டம் தடை செய்யும் பாகுபாடு. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இதற்கென ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும், மருத்துவமனை என்றால் 20 பேர் இருந்தாலே போதும். மாநில குறைதீர்ப்பாளரிடமும் புகார் தரலாம். 30 நாளில் அவர் உத்தரவிட வேண்டும்.

"என் வீட்டுக்காரருக்குச் சொல்லிடுவாங்களா?" பெண்கள் அதிகம் பயப்படும் கேள்வி இது. உங்களைக் கேட்காமல் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் பொது விதி. துணைக்குத் தொற்றும் ஆபத்து இருந்து, நீங்கள் சொல்லவே மாட்டீர்கள் என்று தெரிந்தால், உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு டாக்டரோ கவுன்சிலரோ துணையிடம் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தப் பெண் அடி வாங்குவார், வீட்டை விட்டுத் துரத்தப்படுவார் என்ற நியாயமான அச்சம் இருந்தால் சொல்லக் கூடாது என்றும் அதே சட்டப்பிரிவு சொல்கிறது. ஆகவே அந்த அச்சம் இருந்தால் கவுன்சிலரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

விட்டுப்போகும் ஆண்கள்

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனையின்போது எச்.ஐ.வி டெஸ்ட்டும் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடு. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. முறையாக மருந்து எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஏழைக் குடும்பத்தில் பெண்ணுக்குப் பிரசவத்தை ஒட்டி எப்படியும் டெஸ்ட் நடந்துவிடுகிறது. கணவருக்கு அப்படி எந்தக் கட்டாயச் சந்திப்பும் இல்லை. "அவரையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்று நர்ஸ் சொன்னாலும் லாரியிலோ ஷிஃப்டிலோ வெளியூரிலோ இருப்பவர் வருவதில்லை. காசநோய் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் பல ஆண்களுக்கு முதல் எச்.ஐ.வி டெஸ்ட் நடக்கிறது. அப்போது உடம்பு பாதி தளர்ந்திருக்கும். 2017 முதல் பாசிட்டிவ் என்று உறுதியானாலே மருந்து தொடங்கலாம் என்ற விதி வந்துவிட்டது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு தினம் ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இந்த ஒரு தகவல் தெரிந்திருந்தால் பல ஆண்கள் ஓடி ஒளிய மாட்டார்கள்.

வளைகுடா வேலைக்குக் கிளம்புபவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த நாடுகள் விசாவுக்கு எச்.ஐ.வி டெஸ்ட் கேட்கின்றன. ஏஜென்ட்டிடம் பணம் கட்டி, கடன் வாங்கி, கடைசியில் மெடிக்கல் சென்டரில் 'அன்ஃபிட்' என்ற ஒற்றை வார்த்தையோடு வெளியே வருவது கொடுமை. பணம் கட்டும் முன்பே நம்பிக்கை மையத்தில் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஏற்கெனவே 'அன்ஃபிட்' என்று வந்திருந்தால், அந்தத் தாளை மறைத்து வைக்காமல் அரசு மையத்தில் மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள். 'அன்ஃபிட்' என்பதற்கு எச்.ஐ.வி மட்டும்தான் காரணம் என்று இல்லை.

ஆஸ்பத்திரி வரை போகவே மனசு வரவில்லை, முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 1097-க்குக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குப் பக்கத்தில், அல்லது நீங்கள் விரும்பும் ஊரில் நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.