எத்தனை கஜம்?

வேட்டைக் கதை வாசிக்கும்போது மற்றவர்கள் புலியைத் தேடுவார்கள். நான் தூரத்தைத் தேடுவேன். பாலிடெக்னிக்கில் நில அளவை சொல்லிக்கொடுத்தவனின் தொழில் வியாதி அது. சுட்டவர் எங்கே இருந்தார், விலங்கு எங்கே நின்றது, நடுவில் எத்தனை கஜம் என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போவேன். குறிக்கக் குறிக்க ஒன்று புலப்பட்டது. பழைய வேட்டைக்காரரின் சாமான்களில் முக்கால்வாசி தூரத்தைக் குறைப்பதற்கானவை. தூரத்தை அளக்க அவர் மூட்டையில் எதுவும் இல்லை.

1926 மே மாதம் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் சுட்டதைப் பாருங்கள். குலாப்ராயில் ஒரு மாமரத்தின் மேல் பரண். கீழே பாதையோரம் ஒரு ஆடு, அதன் கழுத்தில் மணி. துப்பாக்கியில் ஒரு டார்ச். மணி குலுங்கியது, விளக்கைப் போட்டார், சுட்டார். சற்றைக்கெல்லாம் விளக்கு அணைந்துவிட்டது. பரண், ஆடு, மணி, டார்ச் நான்குக்கும் வேலை ஒன்றுதான்: விலங்கைச் சில கஜ தூரத்துக்கு வரவைத்து, தெரியவைப்பது.

நம் பக்கத்துக் காடுகளில் அலைந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சனும் அப்படியே. ஜவளகிரி, பென்னாகரம் என்று அவர் எழுதிய ஊர்களை இன்றும் பஸ்ஸில் கடக்கலாம். அவர் கையிலிருந்தது 405 வின்செஸ்டர். 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும் அதே வகைதான். குண்டு கனமானது, கிட்டத்தில் பலமாக அடிக்கும், எட்டப் போகப்போகச் சீக்கிரம் தாழ்ந்துவிடும். புதர்க்காட்டில் ஐம்பது கஜத்துக்கு அப்பால் என்ன தெரியும்? அந்தக் காட்டுக்கு அந்தத் துப்பாக்கி போதும்.

நீலகிரியின் மேட்டுப் புல்வெளியில் கணக்கு வேறு. அங்கே வரையாடு தேடிப் போன வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பரண் கட்ட மரமில்லை, ஒளிந்து நெருங்கப் புதருமில்லை. தொலைநோக்கியில் ஆட்டைக் கண்டபின், காற்று பார்த்து, மேலிருந்து இறங்கி, பள்ளத்தாக்கின் குறுக்கே சுட வேண்டும். பள்ளத்தாக்கு கண்ணை ஏமாற்றும். நடுவில் அளவுக்கு ஒப்பிட எதுவும் இல்லாத வெளியில் எதிர்ச்சரிவு பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன்பிடிப்புச் சட்டம் வந்து காலவரையறை விதித்தது. எத்தனை தூரத்தில் சுடலாம் என்பது மட்டும் சுடுபவரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டிருந்தது.

தூரம் பிழைத்தால் என்ன ஆகும்? 200 கஜத்துக்குச் சரிசெய்து வைத்த 30-06 துப்பாக்கியின் குண்டு 300 கஜத்தில் ஏறக்குறைய எட்டு, ஒன்பது அங்குலம் தாழும், 400இல் இரண்டடி. நெஞ்சுக்கு வைத்த குறி காலில் படும். காயத்தோடு விலங்கு ஓடிவிடும். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் புலியை 1907இல் சுட்டபின் கார்பெட் அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்பது அவர் முடிவு. யாரோ ஒருவரின் அரைகுறைச் சூட்டுக்கு குமாவுன் கிராமங்கள் வட்டி கட்டின.

தூரமானி முதலில் வந்தது பட்டாளத்துக்காக. 1888இல் காலாட்படைக்கு ஒரு தூரமானி வேண்டுமென்று பிரிட்டிஷ் போர்த்துறை பொறியியல் இதழொன்றில் விளம்பரம் செய்தது. லீட்ஸில் பேராசிரியர்களாக இருந்த ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரௌட் இருவரும் ஒரு கருவி செய்து அனுப்பினார்கள். தரைப்படை வேண்டாம் என்றது, கடற்படை வாங்கிக்கொண்டது. உள்ளே இருப்பது என் மாணவர்கள் முதல் மாதமே படிக்கும் முக்கோணம்தான். குழாயின் இரு முனைகளிலிருந்து வரும் பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால் கோணம் தெரியும், கோணத்திலிருந்து தூரம். ஆனால் தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். பிழையைக் குறைக்கக் குழாயை நீட்டத்தான் வேண்டும். 1916 ஜட்லாந்துச் சண்டையில் பிரிட்டிஷ் கப்பல்களில் ஒன்பதடி, பதினைந்தடித் தூரமானிகள் இருந்தன. மான் வேட்டைக்கு அதை யார் சுமப்பது?

1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் தியோடர் மைமன் ஒரு மாணிக்கக் கம்பியிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். அடுத்த ஆண்டே அவர் வேலைபார்த்த ஹியூஸ் நிறுவனம் அதை வைத்துத் தூரம் அளந்து காட்டியது. இங்கே முக்கோணமே வேண்டாம். ஒளித்துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை எண்ணினால் போதும். 300 மீட்டருக்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. தொடக்கக் கருவிகள் கனமானவை, கண்ணுக்கு ஆபத்தானவை. குறைகடத்தி லேசர் மலிவான பிறகுதான், 1990களில், லைக்காவும் புஷ்நெலும் வேட்டைக்காரரின் கைக்கு ஏற்ற கருவிகளை விற்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று பைனாகுலரோடு சேர்த்து வாங்கும் பொருள் அது.

வாங்குவோருக்கு அளவைக்காரன் சொல்லும் யோசனை: பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணை நம்பாதீர்கள். அது பளபளக்கும் பலகைக்கு. மானின் ரோமத்துக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அருகில் ஆடும் இலையை விட்டுப் பின்னாலிருப்பதை அளக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சாய்வைக் கழித்துக் கிடைமட்டத் தூரம் காட்டுகிறதா என்பதும் முக்கியம். முப்பது பாகைச் சரிவில் 100 மீட்டர் என்பது கிடையாக 87 மீட்டர்தான். நீலகிரிச் சரிவுகளில் வேட்டையாடியவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்ல ஆளில்லை. எண் தெரிந்ததாலேயே 600, 700 கஜத்தில் சுடத் துணிபவர்களும் உண்டு. அளவு தெரிவது வேறு, அடிக்கத் தகுதி இருப்பது வேறு. குண்டு போய்ச் சேர்வதற்குள் மான் ஓரடி எடுத்துவைத்தால் கருவி என்ன செய்யும்?

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டைத் துப்பாக்கியை இறக்கிவைத்தது. தூரமானி அதற்குப் பின்தான் நம் காட்டுக்குள் நுழைந்தது. புலிகள் காப்பகங்களில் இரைவிலங்குக் கணக்கெடுப்புக்கு நேர்கோட்டுப் பாதையில் விடியற்காலையில் நடப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு தன்னார்வலனாக நானும் நடந்திருக்கிறேன். மிளாவோ புள்ளிமானோ கண்ணில் பட்டால் திசைகாட்டியில் கோணம், லேசரில் தூரம். அறுபது மீட்டர், முப்பது பாகை என்றால் பாதையிலிருந்து செங்குத்தாக முப்பது மீட்டர். இப்படிச் சேரும் எண்களிலிருந்துதான் சதுர கிலோமீட்டருக்கு இத்தனை மான் என்று கணிக்கிறார்கள். கூடவரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு என்னைவிட நல்ல கண். ஆனாலும் வாயால் சொன்னால் யாரும் ஐம்பது, நூறு என்றுதான் சொல்வார்கள். பழைய வேட்டைக் கதைகளிலும் அதே முழு எண்கள்தான். அப்படி முழுமையாக்கிய எண்களைப் போட்டால் மான் கணக்குக் கோணலாகிவிடும்.

இப்போது என் நோட்டின் ஓரங்களில் 43, 71, 58 என்று எழுதுகிறேன். துப்பாக்கி பிடித்தவர்களுக்கு இந்த நுணுக்கம் நூறாண்டுக்கு முன்பே கிடைத்திருந்தால் காயத்தோடு ஓடிய விலங்குகள் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். எண்ணிக்கை எடுப்பவர்களுக்காவது கிடைத்ததே.