தாது வருஷமும் அப்பத்தாவின் மழையும்

"இப்பல்லாம் எங்கய்யா மழை பெய்யுது? நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல ஐப்பசி பொறந்தா ஏழு நாளைக்கு வெளிய தலைகாட்ட முடியாது. கண்மா நெறஞ்சு மறுகா பாயும்."

இலுப்பூரில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரு அப்பத்தா இதைச் சொல்வார். நானும் நம்பித்தான் வளர்ந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை கண்மாயில் நின்றால்தான் இங்கே வெள்ளாமை. ஆகவே மழைப் பேச்சு இங்கே சோத்துப் பேச்சு.

அந்தப் பேச்சில் இன்னொரு கணக்கும் உண்டு: பஞ்சாங்கத்தின் அறுபது வருஷச் சுற்று. போன வருஷம் திரும்பி வரும், அதன் மழையும் கூடவே வரும் என்பது நம்பிக்கை. அதைச் சோதிக்க ஒரு வருஷம் இருக்கிறது, தாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தொடங்கியது. மறுவருஷமே, 1876 தாதுவில், வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தொடர்ந்த பஞ்சத்தில் தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் செத்தார்கள். 'தாது வருஷப் பஞ்சம்' என்ற பெயர் அப்படியே நிலைத்தது.

தாது 1996இல் மறுபடி வந்தது. அந்த ஜூனிலேயே சென்னை வெள்ளத்தில் மிதந்தது, டிசம்பரில் புயலும் வந்தது. பஞ்சம் வரவில்லை. அது வேறொரு வருஷத்துக்குக் காத்திருந்தது. 2016 துன்முகியில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 1876க்குப் பிறகு இவ்வளவு மோசமான பருவம் இல்லை. இடைவெளி 140 வருஷம். அறுபதால் வகுத்தால் மீதி விழுகிறது.

சுற்று இல்லாமலில்லை. 1904இல் இந்தியா வந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி, உலகின் பல ஊர்களின் காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்கும் ஓர் ஊஞ்சலைக் கண்டார். எல் நினோவோடு பிணைந்த ஊஞ்சல் அது. இரண்டிலிருந்து ஏழு வருஷத்துக்குள் ஆடும், தேதி சொல்லாது. எல் நினோ வருஷங்களில் நமக்கு ஐப்பசி மழை பெரும்பாலும் கூடும். 2015 சென்னை வெள்ளம் அப்படி ஒரு வருஷத்தில் வந்ததுதான்.

அப்படியானால் அப்பத்தா சொன்னது பொய்யா? இல்லை. அவர் நினைவில் வைத்திருந்தது மழையை அல்ல, கண்மாயை. மழைமானி வானத்தை அளக்கும், அவர் மடையை அளந்தார். வரத்துவாரி அடைபட்டு, கரையைக் கருவேலம் மூடிவிட்டால், அதே மழை பெய்தாலும் மறுகால் பாயாது. பஞ்சம் ஓய்ந்த 1878இல் புதுக்கோட்டைக்குத் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி, நகரின் பல்லவன்குளத்தையும் புதுக்குளத்தையும் செப்பனிட்டார்.

ஆனால் ஒன்று மட்டும் ஊஞ்சல் ஆடவில்லை. 1901இலிருந்து 2018க்குள் இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்து உணர முடியாத அளவு அது. 'எல்லாம் சுத்தி வரும்' என்பவரும் 'மழையே போச்சு' என்பவரும் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிடுகிறார்கள். மழை கூடும், குறையும். பெய்கிற வருஷத்தில் கண்மாய் தயாராக இருக்கிறதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.