கீழ்ப்பாக்கத்து மதிலும் சாரதா மேனன் அம்மையாரும்

மட்டக்களப்பு வாவிக்கும் பெருங்கடலுக்கும் இடையே, வெற்றிலைத் தோட்டங்களும் பிள்ளையார் கோயிலும் பொலிய விளங்குவது களுதாவளை. அத்தகைய அமைதியான ஊரிலும் ஒருவரை ஏளனஞ் செய்ய நினைப்போர்க்கு ‘அங்கொடை’ என்னும் ஒரு சொல்லே போதும். கொழும்பை அடுத்த அங்கொடையில் 1926ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. நாளடைவில் ஊர்ப்பெயரே வசையாயிற்று. கடல்கடந்து சென்னைக்குச் சென்றால் அதே வசை ‘கீழ்ப்பாக்கம்’ என ஒலிக்கும். அக்கீழ்ப்பாக்கத்திலே தம் வாணாளின் செழும்பகுதியைச் செலவிட்டவர், இந்தியாவின் முதற் பெண் மனநோய் மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன் அம்மையார்.

1923இல் மங்களூரிற் பிறந்த அம்மையார், சென்னை மருத்துவக் கல்லூரியில் 1951இல் பட்டம் பெற்றார். பெண் மருத்துவர் என்றால் மகப்பேறு பார்ப்பவர் என்றே பலரும் எண்ணிய காலம் அது. அவரோ பெங்களூரில் மனநோய் மருத்துவம் பயின்று, 1959இற் கீழ்ப்பாக்க மருத்துவமனையிற் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 1961இல், அதன் தலைமை அவர் கைக்கு வந்தது. அப்பதவியில் அமர்ந்த முதற் பெண் அவரே.

அவர் ஏற்றுக்கொண்டது எளிய பொறுப்பன்று. 1794இல் வாலண்டைன் கொனொலி என்னும் அறுவை மருத்துவர் 16 நோயாளருக்கெனத் தொடங்கிய இல்லம், 1871இற் கீழ்ப்பாக்கத்துக்கு மாறி, பின்னர் ஆயிரக்கணக்கானோர் அடைபட்ட பெருமனையாய் வளர்ந்திருந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டமோ நோயாளரை, நீதிபதியின் ஆணையோடு உள்ளே வைக்கப்படவேண்டியவராகவே பெரிதும் கருதிற்று. உள்ளே செல்ல ஆணை உண்டு. வெளியே வந்தவரை வரவேற்க வீடு உண்டோ? குணமடைந்த பின்னும் அழைத்துச் செல்ல ஆளின்றி உள்ளேயே முதுமையுற்றோர் பலர். நோயைவிடக் கொடியது இதுவே எனலாம்.

1952இற் பாரிசிலே மனநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிய குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து, சங்கிலிக்கும் பூட்டுக்கும் இருந்த தேவையைக் குறைத்தது. ஆனால் மருந்து கொந்தளிப்பைத் தணிக்குமேயன்றி உறவைத் திருப்பித் தராது. இதனை அம்மையார் நன்குணர்ந்திருந்தார். வெளிநோயாளர் பிரிவை வளர்த்தார். உள்ளிருந்தோர்க்குக் கைத்தொழில் பழக்க ஏற்பாடு செய்தார். வீட்டிலிருந்தே வந்து மருந்து பெற்றுச் செல்பவர் வீட்டாருக்கு அந்நியராவதில்லை. நாலு காசு சம்பாதிக்கும் கைகளைச் சுமையென்று சொல்வதும் அரிது.

1978இல், 17 ஆண்டுத் தலைமைக்குப் பின், ஓய்வு பெற்றார். பெயரளவில் மட்டுமே அது ஓய்வு. மனச்சிதைவு நோயாளரின் மறுவாழ்வு அரசு மருத்துவமனையால் மட்டும் ஆகாதெனக் கண்டு, நண்பர்கள் துணையோடு 1984இற் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். மருத்துவம், ஆராய்ச்சி, தொழிற்பயிற்சி, குடும்பத்தாருக்கு அறிவுரை ஆகிய யாவும் அங்கே ஒருங்கே நடைபெறலாயின. 1992இற் பத்மபூஷண் விருது அவரை நாடி வந்தது. விருதுக்குப் பின்னரும் அவரைத் தேடி வந்தோர், பெரும்பாலும், நோயுற்ற மகனையோ மகளையோ கைப்பற்றி அழைத்துவந்த பெற்றோரே. 2021 டிசம்பர் 5ஆம் நாள், தமது 98ஆவது வயதிற் சென்னையிலே அவர் காலமானார்.