ஆனையிறவுச் சோடியமும் காங்கேசன்துறைக் கல்சியமும்

ஆவர்த்தன அட்டவணையில் சோடியம் முதலாம் கூட்டம், அணு எண் 11. கல்சியம் இரண்டாம் கூட்டம், அணு எண் 20. இரண்டையும் தனியே பிரித்தெடுத்தவர் ஹம்ப்ரி டேவி. முன்னதை 1807இல், பின்னதை 1808இல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெருந்தொழில்கள் இந்த இரண்டு மூலகங்களின் மேல்தான் நின்றன. குடாநாட்டின் கழுத்தில் இருக்கும் ஆனையிறவு உப்பளம் வெயிலைக் கொண்டு கடலிலிருந்து சோடியம் குளோரைட்டை எடுத்தது. அந்த உப்பிலிருந்து பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் செய்தது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையோ காலடியில் கிடந்த சுண்ணக்கல்லை முருங்கன் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டது. 1990இல் உப்பளத்தையும் சீமெந்து ஆலையையும் போர் நிறுத்தியது.

ஆனால் இவற்றின் குணம் வெளிப்படுவது ஆலையில் அல்ல, கிணற்றில்.

சோடியம் அயனும் கல்சியம் அயனும் பருமனில் ஏறக்குறைய ஒன்றே. ஆரை 100 பிக்கோமீற்றர் அளவு. சோடியம் இழந்தது ஓர் இலத்திரனை, கல்சியம் இழந்தது இரண்டை. அதே பருமனில் இரட்டை ஏற்றம் இருப்பதால் கல்சியம் காபனேற்றை இறுகப் பிடித்துக் கல்லாகிறது. ஒரு லீற்றர் நீரில் சுமார் 360 கிராம் உப்புக் கரையும். சுண்ணக்கல்லோ, சுத்த நீரில் ஒரு கிராமின் நூறில் ஒரு பங்களவே கரையும். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏந்தி இறங்கும்போதுதான் அது இன்னும் கரைந்து நம் கிணறுகளுக்கு வருகிறது.

சவர்க்காரம் நுரைக்கவில்லை, கேத்தலில் வெள்ளை படிகிறது என்று நாம் குறைசொல்வதெல்லாம் கல்சியத்தை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கொதிக்கவைத்தால் அதில் ஒரு பெரும் பங்கு படிவாக இறங்கிவிடும். சோடியம் இறங்காது; நீர் வற்ற வற்ற உவர்தான் ஏறும். பயப்படவேண்டியது இதற்கே.

குடாநாட்டின் நன்னீர் மழை தந்தது. சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள், பாரமான கடல்நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிசின் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கீழிருந்து ஏறிவருவது சோடியம். தொண்டைமானாற்றுத் தடுப்பணை கடலை மறிப்பதும் இதற்காகத்தான்.

தோட்டத்து மண்ணிலும் இதே போட்டி. களித்துகளில் கல்சியம் இருந்த இடத்தைச் சோடியம் பிடித்தால் துகள்கள் கலைந்து, மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. அதற்கு மருந்தும் கல்சியமே: ஜிப்சம் என்னும் கல்சியம் சல்பேற்று. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்னமே படிவதும் அதுதான். ஜிப்சத்தைத் தூவினால் கல்சியம் தன் இடத்துக்குத் திரும்பும். விடுபட்ட சோடியத்தைக் கழுவிப்போக்க அதன் பிறகு நல்ல மழையும், மழைநீர் வெளியேற வாய்க்காலும் வேண்டும்.