காடாத் துணியிலிருந்து கம்ப்யூட்டர் திரைக்கு

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா. சர்க்யூட் எல்லாம் வேண்டாம், எல்லாருக்கும் புரியற மாதிரி இருக்கணும்" என்றார் மலர்க் குழுவில் இருக்கும் எங்கள் சீனியர். சர்க்யூட்டை விட்டால் எனக்குத் தெரிந்தது படம் ஒன்றுதான். அதையும் யாரிடமும் முறையாகப் படித்தவன் இல்லை. கம்ப்யூட்டரில் ஓவியம் என்பது எங்கே பிறந்து, எப்படி என்னைப் போன்ற கத்துக்குட்டிகள் கைக்கு வந்து சேர்ந்தது என்ற சரித்திரத்தை, என் கதையையும் கொஞ்சம் கலந்து சொல்கிறேன்.

2006-ல் சேர்ந்த எங்கள் செட்டுக்கு ஞாபகம் இருக்கும். சிம்போசியம் என்றால் ஹாஸ்டல் வராந்தாவில் காடாத் துணியை விரித்துப் போட்டு ராத்திரி முழுக்க பேனர் எழுதுவோம். கலர் பொடி தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்க்கோடு விழும். அப்படியே கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, சின்னப் படத்தைப் பெரிதாக்குவோம். கல்லூரிக்கு எதிரே கடை வைத்திருந்த ஆர்ட்டிஸ்ட் அண்ணன் வேலை செய்வதை டீ குடிக்கிற சாக்கில் பார்த்துப் பார்த்தே இதையெல்லாம் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் ஃப்ளெக்ஸ் வந்தது. அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டரில் டிசைன், சாயங்காலமே பேனர் ரெடி. துணி பேனர் இனி வேண்டாம் என்று முடிவாயிற்று. யாரையும் குறை சொல்ல மாட்டேன், வேலை சுலபம், பளபளவென்றும் இருந்தது. நான் பிரஷ்ஷைக் கழுவிப் பெட்டியில் வைத்தவன், பத்து வருஷம் வெளியே எடுக்கவில்லை. படம் போடுகிறவனுக்கு எதிரி கம்ப்யூட்டர்தான் என்று மனசில் பதிந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நான் சாப்பிட்ட சோறு அதே கம்ப்யூட்டர் போட்டது!

நமக்கெல்லாம் ஜெராக்ஸ் என்றால் நகல் எடுக்கிற கடை. ஆனால் கம்ப்யூட்டர் ஓவியத்தின் தொட்டில்களில் ஒன்று, கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடம். 1973-ல் ரிச்சர்ட் ஷூப் அங்கே 'சூப்பர்பெயின்ட்' என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் 8 பிட் நினைவகம், ஒரே நேரத்தில் 256 நிறங்கள், வரைவதற்குப் பேனா. நாம் இன்று பயன்படுத்தும் வண்ணத் தட்டு, தூரிகை அளவு எல்லாம் அதிலேயே இருந்தன. ஆனால் அது விற்பனைக்கு வரவே இல்லை.

1981-ல் இங்கிலாந்தின் குவான்டெல் நிறுவனம் 'பெயின்ட்பாக்ஸ்' கொண்டுவந்தது. அதை வாங்கப் பெரிய டி.வி. நிலையங்களால்தான் முடியும். அதில் டேவிட் ஹாக்னி போன்ற பெரிய ஓவியர்கள் வரைந்து காட்டிய பி.பி.சி. தொடர் 1987-ல் ஒளிபரப்பானது. சாதாரண ஆள் பார்க்கலாம், தொட முடியாது. 1984-ல் ஆப்பிள் மெக்கின்டாஷோடு, பில் அட்கின்சன் எழுதிய 'மேக்பெயின்ட்' வந்தது. கறுப்பு வெள்ளை மட்டும்தான், பெட்டியின் விலை 2,495 டாலர். 1985-ல் வந்த முதல் விண்டோஸிலேயே 'பெயின்ட்' கூடவே இருந்தது. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். கதவு திறந்தது அங்கேதான் என்பேன்.

அந்தக் கதவு வழியாக நுழைந்தவர் இருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹால் லாஸ்கோ (1915-2014) எழுத்துரு வரைந்து பிழைத்தவர். ஓய்வுக்கு வெகுகாலம் கழித்து வீட்டார் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். விழித்திரை பழுதாகிப் பார்வை மங்கியிருந்தது. பெயின்ட்டில் படத்தைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தார். காகிதத்தில் முடியாமல் போனதைத் திரை முடித்துக் கொடுத்தது.

இன்னொருவர் ஜப்பானின் தத்சுவோ ஹொரியுச்சி, 1940-ல் பிறந்தவர். ஓய்வு பெறும் வயதில், 2000 வாக்கில், கம்ப்யூட்டரில் படம் போட ஆசைப்பட்டார். ஓவிய மென்பொருள் விலை அதிகம். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே எக்செல் இருந்தது! ஆமாம், நாம் கணக்குப் போடுகிற அதே எக்செல். மற்றவர்கள் அதில் அழகாக கிராஃப் போடுவதைப் பார்த்தவர், படமும் போடலாமே என்று உட்கார்ந்துவிட்டார். 2006-ல் எக்செல் ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார்.

2018-ல் ஆபீசில் டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு ராத்திரி, அவர் வரைந்த செர்ரி மரங்களைப் பார்த்தேன். எப்படிச் செய்தார் என்று குடைய ஆரம்பித்தேன். கட்டங்களுக்கு நிறம் அடிக்கவில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் கோட்டால் எல்லை போட்டு, நிறம் நிரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். தூரத்து மலை முதலில், மரம் அப்புறம், பூ கடைசியில். அட, இது பேனர் எழுதுகிற வரிசைதானே! ஆர்ட்டிஸ்ட் அண்ணன் நூல் சுண்டிப் போட்ட கட்டமும் திரையின் புள்ளிக் கட்டமும் ஒரே கணக்குதான். நான் எதிரி என்று நினைத்ததற்குள் நான் கற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

அன்றைக்கே எக்செல்லில் நம் கேட் பக்கத்து வேப்பமரத்தை வரைந்தேன். மரம் காலிஃபிளவர் மாதிரி வந்தது. பிறகு சில ஆயிரம் ரூபாய்க்குப் பேனா டேப்லெட் ஒன்று வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் 'கிரிட்டா'வில் பழகினேன். கை மேஜையில், கண் திரையில். இது பழகவே ஒரு மாசம். அதைவிடப் பெரிய தொல்லை 'அன்டூ'. துணியில் ஒரு கோடு போடுமுன் யோசிப்போம். இங்கே ஒரே கோட்டை நாற்பது தடவை அழித்தேன். இப்போது மூன்று தடவைக்கு மேல் அழிப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். நல்ல லேப்டாப் வரட்டும், கோர்ஸ் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கையில் என்ன இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். நான் கோபத்தில் விட்ட பத்து வருஷம் திரும்பி வராது.

எனக்காவது சம்பளம் தர வேறு படிப்பு இருந்தது. பேனர் எழுதியே குடும்பம் நடத்திய அண்ணன் 2009-ல் கடையை மூடிவிட்டார். போன முறை வந்தபோது பார்த்தேன், அந்த இடத்தில் இப்போது ஒரு ஜெராக்ஸ் கடை. அந்தப் பழைய கடையை, வாசலில் காயப்போட்ட பேனரோடு, ஞாபகத்திலிருந்து கிரிட்டாவில் வரைந்து வைத்திருக்கிறேன். அண்ணன் இப்போது எங்கே இருக்கிறார் என்று உள்ளூர் நண்பர்கள் யாருக்காவது தெரிந்தால், சந்திப்பு நாளில் தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள். அவருக்கு ஒரு பிரதி கொடுக்கணும்.